எழுமலையில் பேடன் பவல் பாஸாவாரா?

இரண்டே இரண்டு தீக்குச்சி கொடுப்பார்கள். அதற்குள் அடுப்பு பற்ற வேண்டும். கால் பவுண்டு கறியையும் 2 உருளைக்கிழங்கையும் ஒரு தகரத் தூக்கைத் தவிர வேறு பாத்திரமே இல்லாமல் சமைத்துக் காட்ட வேண்டும். 12 நிமிஷத்தில் ஒரு மைல் போக வேண்டும். 25 நிமிஷத்தில் அரை மைல் தூரம் தடம் பார்த்துப் போக வேண்டும். டவுன் பையனுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. தடத்துக்குப் பதிலாக நாலு கடைகளின் கண்ணாடி அலமாரியைத் தலா ஒரு நிமிஷம் முறைத்துப் பார்த்துவிட்டு, ஏதாவது ஒரு கடையில் என்னென்ன இருந்தது என்று ஒப்பித்தால் போதும். கடைசியாக, சேமிப்பு வங்கியில் ஆறு பென்ஸாவது போட்டு வைத்திருக்க வேண்டும்.

1908-ல் இங்கிலாந்தில் ஒரு பையன் இரண்டாம் வகுப்புச் சாரணன் ஆவதற்கு வைத்த பரீட்சை இது. இதே கேள்வித்தாளை அன்றைக்கு மதுரை ஜில்லா எழுமலைக்குத் தபாலில் அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலை, முன்னால் மானாவாரிக் காடு, ராத்திரியானால் ஆட்டுக்கிடைக் காவல் என்று வளர்ந்த பையன், காலைக் கஞ்சிக்கு முன்னாலேயே எல்லாவற்றையும் முடித்துவிட்டு, “அம்புட்டுத்தேனா?” என்று கேட்டிருப்பான். ஃபெயிலாகியிருந்தால் ஒரே ஒரு பாடத்தில்தான். அந்த ஆறு பென்ஸ்.

இந்தப் பரீட்சையைத் தயாரித்தவர் ராபர்ட் ஸ்டீபன்சன் ஸ்மித் பேடன்-பவல். பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். அப்பா ஆக்ஸ்ஃபோர்டில் ஜியாமெட்ரி புரொஃபஸர், பெயர் பேடன் பவல். அவர் இறந்த பிறகு, 1869-ல், ‘வெறும் பவல் என்றால் எடுபடாது’ என்று அம்மாவுக்குத் தோன்றிவிட்டது. கணவரின் முதல் பெயரையும் குடும்பப் பெயரையும் ஒரு சின்னக் கோடு போட்டு ஒட்டி, பிள்ளைகள் தலையில் சூட்டிவிட்டார். பின்னாளில் உலகமே சல்யூட் அடித்த பரம்பரைப் பெயருக்கு வயது, பிள்ளையைவிடப் பன்னிரண்டு குறைவு.

பள்ளிக்கூடத்தில் அவர் கெட்டிக்காரர் என்று யாரும் புகார் சொன்னதில்லை. சார்ட்டர்ஹவுஸ் பள்ளியை ஒட்டி ஒரு தோப்பு இருந்தது. வாத்தியார் கண்ணில் படாமல் அதற்குள் புகுந்து முயல் பிடிப்பது, புகை தெரியாமல் அடுப்பு மூட்டிச் சுட்டுத் தின்பது, ஆள் வந்தால் மரத்தில் ஏறிப் பதுங்குவது என்று பையன் பிழைத்துக் கிடந்தான். நம்மூரில் இதற்கு முட்டிக்கால் போடச் சொல்வார்கள். அங்கே இது ஓர் உலக இயக்கத்தின் பாடத்திட்டம் ஆயிற்று.

ஆக்ஸ்ஃபோர்டு சீட் கொடுக்கவில்லை. பட்டாளம் கொடுத்தது. 1876-ல் லக்னோவில் வந்து இறங்கினார். இந்தியாவில் அவர் செய்த வீரச்செயல்களில் முக்கியமானது, குதிரையில் ஏறி ஈட்டியால் காட்டுப்பன்றி குத்துவது. அந்த விளையாட்டின் பெரிய பரிசான காதிர் கோப்பையை 1883-ல் ஜெயித்தார். பன்றி குத்துவது எப்படி என்று 1889-ல் ஒரு புத்தகமே போட்டார். எழுமலை மலையடிவாரத்தில் ஒருவர் பன்றிக்கு வேல் எடுத்தால் அதற்குப் பெயர் வனக்குற்றம். துரை எடுத்தால் கோப்பை.

இவரை ‘ஹீரோ’ ஆக்கியது தென்னாப்பிரிக்காவின் மாஃபெகிங் என்கிற சின்னஞ்சிறு ஊர். 1899 அக்டோபரில் போயர்கள் (அங்கே குடியேறிய டச்சு வம்சாவளியினர்) வந்து சுற்றி வளைத்தார்கள். 217 நாள் முற்றுகை. பேடன் பவலிடம் ஆளும் கம்மி, பீரங்கியும் கம்மி. இருந்தது ஒன்றே ஒன்று: நடிப்பு. ரெஜிமென்ட் நாடகங்களில் பெண் வேஷம் கட்டி ஆடிய மனுஷர் அவர், சும்மா இருப்பாரா? மணல் அடைத்த பெட்டிகளை ஊரைச் சுற்றிப் புதைத்து, கண்ணிவெடி என்று ஊரறியப் பயமுறுத்தினார். முள்கம்பி வாங்க வழியில்லை. அதனால், இல்லாத முள்கம்பியைக் காலைத் தூக்கித் தூக்கித் தாண்டும்படி சிப்பாய்களுக்கு உத்தரவு போட்டார். தூரத்திலிருந்து பைனாகுலரில் பார்த்த எதிரி நம்பிவிட்டான். மைம் நாடகத்தால் காப்பாற்றப்பட்ட கோட்டை உலகத்திலேயே அது ஒன்றாகத்தான் இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை சண்டைக்கு லீவு. அன்றைக்குக் கிரிக்கெட். போயர் தளபதி எலாஃப், ‘நாங்களும் வந்து ஒரு மேட்ச் ஆடலாமா?’ என்று லெட்டர் போட்டான். ‘இப்போது நடக்கிற மேட்ச் முடியட்டும், எங்கள் ஸ்கோர் 200 நாள், நாட் அவுட்’ என்கிற தோரணையில் பதில் போனது. பதில் எழுதும்போது கோட்டைக்குள் குதிரைக் கறி தின்றுகொண்டிருந்தார்கள் என்பது வேறு விஷயம். அதைவிட வேறு விஷயம், அந்தக் குதிரைக் கறிக் கஞ்சியும் போதாமல் கறுப்பின மக்கள் பசியில் செத்துக்கொண்டிருந்தது. நகரைக் காக்கத் துப்பாக்கி ஏந்தியதில் அவர்களில் பரோலாங் இனத்து ஆட்களும் உண்டு. முற்றுகை விலகி, லண்டனில் தெருவெல்லாம் கூத்தாடிக் கொண்டாடியபோது அவர்கள் பெயரைச் சொல்லி யாரும் ஆடவில்லை.

ஸ்டாம்ப் தீர்ந்துபோனதும் கோட்டைக்குள்ளேயே அச்சடித்தார்கள். ஸ்டாம்பில் மகாராணி தலை இருக்க வேண்டிய இடத்தில் யார் தலை? நம்ம ஆள் தலைதான்! இன்னொரு ஸ்டாம்பில் சைக்கிள் ஓட்டும் ஒரு சிறுவன், வார்னர் குட்இயர். பட்டாளத்துக்குச் சேதி கொண்டு போக அமர்த்திய சிறுவர் படையின் தலைவன். பையன்களிடம் பொறுப்பைக் கொடுத்தால் பெரியவர்களைவிட ஒழுங்காகச் செய்கிறார்கள் என்கிற ஞானோதயம் பேடன் பவலுக்கு அங்கேதான் வந்ததாம். ஏழு வயசுப் பிள்ளையை நம்பி அறுபது ஆட்டை மலைக்கு அனுப்பிய சனத்துக்கு இது ஒன்றும் பிரேக்கிங் நியூஸ் இல்லை.

1907 ஆகஸ்டில் பிரவுன்சீ என்ற தீவில் சுமார் 20 பையன்களோடு ஒரு வாரம் கூடாரம் போட்டார். பாதிப் பேர் ஈட்டன், ஹாரோ மாதிரிப் பணக்காரப் பள்ளிப் பிள்ளைகள். மீதிப் பேர் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். ஒரே அடுப்பில் சமைத்துச் சேர்ந்து சாப்பிட்டார்கள் என்பதே இங்கிலாந்தில் பெரிய செய்தி. சிரிக்காதீர்கள். அந்த வருஷம் மதுரை ஜில்லாவில் இதைச் செய்திருந்தால் செய்தியோடு போயிருக்காது, பஞ்சாயத்து கூடியிருக்கும்.

அடுத்த வருஷம் சாரணப் புத்தகம். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று ஆறு பாகம். விற்றுத் தீர்ந்தது. இயக்கத்தின் குறிக்கோள், ‘பி பிரிப்பேர்ட்’, எப்போதும் தயாராக இரு. அதன் முதலெழுத்துகளைச் சேர்த்தால் பி.பி. வருவது தற்செயல் என்று யாராவது சொன்னால், அவர் இந்தக் கட்டுரையை முதல் பாராவிலிருந்து மறுபடி படிக்கவும்.

இப்போது கடையைத் திறந்து சரக்கைப் பார்ப்போம். முகாமில் பையன்களை எழுப்ப ஊதிய கொம்பு, ஆப்பிரிக்காவில் மடாபிலே சண்டையில் எடுத்து வந்தது. பாடிய ‘இங்கொன்யாமா’ ஜூலு மக்களின் பாட்டு. சாரண ஆசிரியர்கள் கழுத்தில் பெருமையாகத் தொங்கும் மரமணி, ஜூலு மன்னர் டினிசுலுவின் மாலையிலிருந்து வந்ததென்று அவரே சொல்லிக்கொண்டது. இடது கையால் கைகுலுக்கும் வழக்கம் மேற்கு ஆப்பிரிக்காவின் அசாந்தி வீரர்களிடம் கற்றது என்பது அவர்கள் சொல்லும் கதை. அமெரிக்காவில் எர்னஸ்ட் தாம்சன் சீட்டன் என்பவர் 1902-லேயே செவ்விந்தியர் பாணியில் சிறுவர் படை நடத்திக்கொண்டிருந்தார். ‘என் ஐடியாவை எடுத்துவிட்டார்’ என்று அவர் கடைசிவரை புலம்பினார். புலம்பியவர்களில் இங்கிலீஷ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான், அதனால் அது மட்டும் ரெக்கார்டில் இருக்கிறது.

நம்ம பங்குக்கு வருவோம். தட்டில் சாமான்களைப் பரப்பி ஒரு நிமிஷம் காட்டி மூடிவிட்டு, என்னென்ன இருந்தது என்று கேட்கும் விளையாட்டுக்குக் ‘கிம் விளையாட்டு’ என்று பெயர். லாகூர்த் தெருவில் திரிந்த கிம் என்ற சிறுவனை வைத்துக் கிப்ளிங் எழுதிய நாவலிலிருந்து வந்தது. சின்னப் பையன்களுக்கான குருளையர் படையை 1916-ல் ஆரம்பித்தபோது, அதே கிப்ளிங்கின் கதையிலிருந்து அகேலா என்ற ஓநாய், பாலு, பகீரா என்று மத்திய இந்தியாவின் சிவனி காட்டையே வளைத்துப் போட்டார்கள். 1909-ல் லண்டன் பேரணிக்குக் கூப்பிடாமலே பெண் பிள்ளைகள் வந்து நின்றார்கள். பதறிப்போய்த் தங்கை ஆக்னஸைக் கூப்பிட்டு, ‘இதுகளை நீ பார்த்துக்கோ’ என்று ஒப்படைத்து, ‘கைட்ஸ்’ என்று பெயர் வைத்தார். அந்தப் பெயரும் இந்தியாவின் வடமேற்கு எல்லைப் படையிலிருந்து வந்ததுதான்.

ஆக, கொம்பு அவனுடையது, மணி இவனுடையது, ஓநாய் நம்முடையது. துரையுடைய சொந்தச் சரக்கு என்ன? அரை டிராயரும் அகலத் தொப்பியும். அந்தத் தொப்பியைப் பார்த்துத்தான் அசாந்தி மக்கள் அவருக்குப் ‘பெரிய தொப்பிக்காரர்’ என்று பட்டப்பெயர் வைத்தார்கள். மதுரைச் சித்திரை வெயிலுக்கு அந்தத் தொப்பி நல்லதுதான். முழங்கால்வரை ஏறும் கம்பளிக் காலுறைக்கு மட்டும் இன்றுவரை யாரிடமும் நியாயம் இல்லை.

1909-ல் கேப்டன் டி.எச். பேக்கர் பெங்களூரில் இந்தியாவின் முதல் சாரணர் படையைத் தொடங்கினார். யாருக்கு? ஐரோப்பியப் பையன்களுக்கும் ஆங்கிலோ இந்தியப் பையன்களுக்கும். இந்தியப் பையன்களுக்கு ‘நோ அட்மிஷன்’. காரணம், இதுகளுக்குக் காட்டில் வழி கண்டுபிடிக்கவும் சங்கேதம் அனுப்பவும் சொல்லிக் கொடுத்தால் நாளைக்குப் புரட்சிக்காரர்கள் ஆகிவிடுவார்களாம். சிவனி காட்டு ஓநாயாக நடிக்க லண்டன் பையனுக்கு உரிமை உண்டு. சிவனி பையனுக்குக் கிடையாது.

இந்த இடத்தில்தான் அன்னி பெசன்ட் அம்மையார் என்ட்ரி. பாதிரியார் மனைவி, நாத்திகப் பிரசாரகர், சோஷலிஸ்ட், தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் வேலைநிறுத்தத் தோழர், பிரம்மஞானி, ஹோம் ரூல் தலைவி என்று ஒரே ஜென்மத்தில் ஆறேழு ஜென்மம் வாழ்ந்தவர். ஒரு கதவு மூடியிருக்கிறது என்று தெரிந்தால் தட்டுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது, பக்கத்திலேயே இன்னொரு வீடு கட்டிவிடுவார். 1916-17 வாக்கில் சென்னையில் இந்தியச் சாரணர் சங்கம் கிளம்பியது. துணைக்கு ஜார்ஜ் அருண்டேல். மதுரையில் பிறந்த ருக்மிணி தேவியை 1920-ல் கல்யாணம் செய்துகொண்டு ஊரையே வாயைப் பிளக்க வைத்தாரே, அவரேதான். அந்த வகையில் சாரண இயக்கம் மதுரைக்கு மாப்பிள்ளை முறை.

பெசன்ட் செய்த புரட்சி என்ன தெரியுமா? தொப்பியைக் கழற்றித் தலைப்பாகை கட்டினார். இந்தியப் பாட்டுகளைப் பாடச் சொன்னார். அவ்வளவுதான். சர்க்காருக்குத் தூக்கம் போயிற்று. 1917 ஜூனில் ஹோம் ரூல் கிளர்ச்சிக்காக அவரையும் அருண்டேலையும் பி.பி. வாடியாவையும் காவலில் வைக்க லார்ட் பென்ட்லாண்டின் சென்னை சர்க்கார் உத்தரவு போட்டது. எங்கே வைத்தார்கள்? ஊட்டியில்! மலை மேல் பங்களா, குளிருக்குப் போர்வை, காலையில் ஹோம் ரூல் கொடியேற்றம், கூட இரண்டு உதவித் தலைவர்கள். சர்க்கார் செலவில் நடந்த முதல் சாரணர் முகாம் இதுதான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

இதே வருஷங்களில் எழுமலைப் பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது? இங்கே கொஞ்சம் சிரிப்பை நிறுத்திக்கொள்கிறேன்.

உசிலம்பட்டி வட்டாரத்தில் காவல் ஒரு தொழில். மாடு களவு போனால் காவல்காரர் குளம்புத் தடத்தைப் பிடித்துக்கொண்டே போவார். ஈரம் எவ்வளவு காய்ந்திருக்கிறது, எந்தக் கால் நொண்டுகிறது, கூடப் போனது எத்தனை ஆள் என்று மண்ணைப் பார்த்தே சொல்வார். மீட்டுக் கொடுத்தால் துப்புக்கூலி. இதை மிரட்டல் என்றது சர்க்கார், முறை என்றது ஊர். அந்த வழக்கை ஆராய்ச்சியாளர்கள் விசாரிக்கட்டும். தடம் பார்க்கத் தெரியாதவன் அந்த வேலையில் ஒரு ராத்திரிகூடத் தாக்குப்பிடிக்க முடியாது என்பது மட்டும் நிச்சயம். எந்த வித்தைக்கு இங்கிலாந்துப் பையன் சட்டையில் பேட்ஜ் குத்தினார்களோ, அந்த வித்தை தெரிந்த பிரமலைக் கள்ளர்களை 1914-லிருந்து குற்றப்பரம்பரைச் சட்டத்துக்குள் தள்ளினார்கள். கைரேகை வை, ராத்திரி போலீஸ் கண்காணிப்பில் வந்து படு, வெளியூர் போனால் ராதாரிச் சீட்டு வாங்கு. ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ம் தேதி போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண்ணையும் சேர்த்து 16 பேர் செத்தார்கள். எழுமலைக்குப் பக்கம்தான் அந்த ஊர். அதற்குப் பிறகுதான் சர்க்காருக்குப் பள்ளிக்கூடம் கட்டும் யோசனை வந்தது. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் என்று இன்றும் நடக்கின்றன.

அந்தத் துப்பாக்கிச் சூடு நடந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 1921 தொடக்கத்தில் பேடன் பவல் மனைவியோடு இந்தியா வந்தார். வைஸ்ராய் செம்ஸ்ஃபோர்டின் அழைப்பு. இந்தியப் பையன்களைச் சேர்க்காமல் விட்டால் பெசன்ட் ஒரு பக்கமும், வடக்கே மாளவியாவும் குன்ஸ்ருவும் ஸ்ரீராம் பாஜ்பாயும் நடத்தும் சேவா சமிதி ஒரு பக்கமும் மொத்தக் கூட்டத்தையும் கொண்டுபோய்விடுவார்கள் என்று அதற்குள் மேலிடத்துக்கு உறைத்திருந்தது. போட்டிக் கம்பெனியை ஜெயிக்க முடியாவிட்டால் வாங்கிவிடு என்பது அன்றைக்கும் இருந்த யுக்திதான். சென்னையில் மெர்ஜர் முடிந்தது. மாளவியா கோஷ்டி மட்டும் பிடிகொடுக்கவில்லை.

பெசன்டை அகில இந்திய கௌரவ சாரண கமிஷனராக நியமித்தார் பேடன் பவல். அம்மையாருக்கு 73 வயது. கடவுளுக்கும் மன்னருக்கும் கடமை செய்வேன் என்று உறுதிமொழி எடுக்கிற அமைப்பு அது. கடவுளே இல்லை என்று ஒரு காலத்தில் மேடைமேடையாக முழங்கியவர், மன்னரின் சர்க்காரால் காவலில் வைக்கப்பட்டவர். அந்த உறுதிமொழிக்கு இவரைவிடப் பொருத்தமான ஆள் எங்கே கிடைக்கும்? 1932-ல் ‘வெள்ளி ஓநாய்’ என்ற மிக உயர்ந்த விருதும் வந்து சேர்ந்தது. ஓநாய்ப் பட்டத்தைச் சந்தோஷமாக வாங்கிக்கொள்ள ஒரு பெரிய மனசு வேண்டும்.

இனிமேல் நம் பையன்களும் சாரணர். எல்லாம் சரி, அந்த இடது கை சமாச்சாரத்தை யோசித்துப் பாருங்கள். நம்மூரில் இடது கையால் திருநீறு வாங்கினால் முதுகில் அடி. இடது கையால் காசு கொடுத்தால் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். பையன் ஒருத்தன் முகாமுக்குப் போய்விட்டு வந்து மாமனிடம் இடது கையை நீட்டியிருந்தால் அன்றைக்கு இயக்கமே முடிந்திருக்கும். அப்படியும் பிழைத்ததே, அதுதான் சாரண இயக்கத்தின் உண்மையான சாகசம்.

தினம் ஒரு நற்செயல் என்பது இன்னொரு விதி. செய்யும்வரை கழுத்துத் துண்டின் நுனியில் ஒரு முடிச்சு. செய்ததும் அவிழ்க்கலாம். முடிச்சு விஷயத்தில் எழுமலைக்காரர்களுக்குப் பாடம் எடுப்பதும் கொஞ்சம் துணிச்சல்தான். கமலை இறைத்த காலம் அது. இரண்டு மாட்டின் பலத்தைத் தாங்கும் வடத்தில் முடிச்சு நழுவினால் சாலும் மாடும் சேர்ந்து கிணற்றுக்குள் போகும். அங்கே தப்பாக முடிச்சுப் போட்டவனுக்கு பேட்ஜ் கட்டாகாது, சோறு கட்டாகும்.

1937-ல் டெல்லியில் அகில இந்திய ஜம்போரி. 80 வயதுப் பேடன் பவல் வந்து குஷியாகப் பார்த்தார். கூடவே இந்தியர்களின் குணநலனைப் பற்றி வேண்டாத ஒரு கருத்தையும் உதிர்த்துவைத்தார். எப்போதும் தயாராக இருக்கச் சொன்னவர், பேட்டிக்கு மட்டும் தயாரில்லாமல் போனார். நாடு கொதித்தது. பலர் விலகினார்கள். 1938-ல் ஹிந்துஸ்தான் சாரணர் சங்கம் தனிக்கொடி பிடித்தது. 1941 ஜனவரியில் கென்யாவில் அவர் கண்ணை மூடியபோதும் இந்தியச் சாரணர்கள் இரண்டு கோஷ்டிதான். ஒற்றுமை முகாமில் கோஷ்டிப்பூசல்! இதை மட்டும் எந்த நாட்டிலிருந்தும் கடன் வாங்கவில்லை, சுத்தமான உள்ளூர்த் தயாரிப்பு.

1947-ல் சென்னை மாகாணத்தில் குற்றப்பரம்பரைச் சட்டம் ஒழிந்தது. 1950 நவம்பர் 7-ல் இரண்டு கோஷ்டியும் சேர்ந்து பாரத சாரணர் இயக்கம் ஆயிற்று. அடுத்த வருஷம் சாரணியரும் சேர்ந்தார்கள். 2025 தொடக்கத்தில் நம்ம மணப்பாறையிலேயே ஒரு பெரிய ஜம்போரி நடந்தது. துரை இருந்திருந்தால் முறுக்கு சுற்றுவதையும் ஒரு முடிச்சு என்று புத்தகத்தில் சேர்த்திருப்பார்.

பேடன் பவலை நான் குறைவாகச் சொல்லிவிட்டதாக யாரும் கோபிக்க வேண்டாம். ஊர் ஊராகப் போய் நல்லதைப் பொறுக்கி, பையன்கள் கையில் கொடுத்து, ‘நீயே செய்’ என்று ஒதுங்கி நிற்க ஒரு ஜெனரலுக்கு மனசு வந்ததே, அது பெரிய விஷயம். ஆனாலும் எழுமலையில் அவர் பாஸா என்று கேட்டால்: தீக்குச்சி பாஸ், சமையல் பாஸ், சேமிப்பு வங்கி டிஸ்டிங்ஷன். தடம் பார்ப்பதில் காவல்காரர்களிடம் இரண்டு வருஷம் டியூஷன் போக வேண்டியிருக்கும்.

அதனால் சாரண ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முகாமில் தடம் பார்க்கும் வகுப்பு வரும்போது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, அந்தப் பக்கம் கிடை போட்டிருக்கும் கீதாரி ஒருவரைக் கூப்பிட்டு நடத்தச் சொல்லுங்கள். மறக்காமல் பஸ் செலவைக் கையில் கொடுத்துவிடுங்கள். வலது கையால்.